ஊரறிந்த மனைவி

சுரங்கப்பாதைக்குள் ரயில் நின்றதும், “இது ஸ்டேஷன் இல்ல, சிக்னல்ல நிக்குது. பேசாம உட்காருங்க” என்று அதட்டியது எர்மானோதான். சொந்த ஊரான நோவாராவில் குளியலறை ஓடு விற்கிறவன் அவன். ரயில்களைப் பற்றியும் எல்லாம் தெரியும் என்பது அவனுடைய நெடுநாள் நம்பிக்கை.

மனைவி மார்கெரித்தாவும் மகள் இலாரியாவும் அதைக் காதில் வாங்காமல் இறங்கிவிட்டார்கள். ரயில் நகர்ந்து வெளிச்சத்துக்கு வந்தபோதுதான், அவர்கள் இறங்கவேண்டிய ‘வெர்னாத்சா’ என்ற பலகை ஜன்னலில் ஓடி மறைந்தது.

அடுத்த ஊர் வரை போய், எதிர் ரயில் பிடித்துத் திரும்பினான். மார்கெரித்தாவின் கைபேசியோ அவன் பையில். வேறு வழியில்லாமல், ஸ்டேஷனிலிருந்து துறைமுகம் வரை இறங்கும் அந்த ஒரே தெருவில், “மார்கெரித்தா! மார்கெரித்தா!” என்று கத்திக்கொண்டே ஓடினான்.

கடைக்காரர்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். ஒரு கிழவர் தொப்பியைத் தூக்கி மரியாதை செய்தார். தெருவுக்குக் குறுக்கே தோரணமும் விளக்கும் தொங்கின. சுற்றுலாக்காரன் பர்ஸைத் திறக்க என்னவெல்லாம் செய்கிறார்கள் என்று ஓட்டத்திலேயே சலித்துக்கொண்டான்.

“இங்க இருக்கோம்!” என்று துறைமுகப் படியிலிருந்து மார்கெரித்தா எழுந்து கையாட்டினாள். அவனுக்கு மூச்சு நிதானப்படுவதற்குள் முதல் ஆள் வந்துவிட்டான்.

வெயிலில் கறுத்த படகோட்டி. சட்டையில் பாதிப் பொத்தான் இல்லை, இருந்த பாதியையும் போடவில்லை. “மார்கெரித்தா!” என்று கை விரித்து வந்தவன், அவளுடைய இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டுக் காதருகே ஏதோ சொன்னான். அவள் சிவந்துபோனாள்.

“யாரு இவன்?”

“தெரியாது.”

“தெரியாதவன் முத்தம் கொடுப்பானா?”

“ஏன், உனக்கும் வேணுமா? கூப்பிடட்டுமா?”

அடுத்து, பொரித்த நெத்திலி விற்கிறவன் ஒரு பொட்டலத்தை அவள் கையில் திணித்தான். “காசெல்லாம் வேணாம் மார்கெரித்தா. இன்னைக்கு மட்டும்.”

எர்மானோவும் கையை நீட்டினான். “எனக்கும் ஒண்ணு.”

“எட்டு யூரோ.”

“அவளுக்கு மட்டும் சும்மாவா?”

“அவங்க மார்கெரித்தா. நீங்க?”

“எர்மானோ.”

“அப்போ எட்டு யூரோ.”

எர்மானோ எட்டையும் எண்ணிக் கொடுத்தான். தொப்பிக் கிழவர் அவளுக்கென்று ஒரு சின்னக் கோப்பையில் இனிப்பு ஒயின் கொண்டுவந்தார். சர்ச் வாசலில் நின்ற பாதிரியார்கூட அவள் கையைப் பிடித்தவர் பிடித்தபடியே நின்றார்.

கல்யாணத்துக்கு முன்னால் ஒரு கோடை முழுக்கப் பக்கத்திலிருக்கும் ஸ்பெசியாவில் அத்தை வீட்டில் இருந்ததாக அவள் சொல்லியிருக்கிறாள். அங்கிருந்து இங்கே வர ரயிலில் எவ்வளவு நேரம்? அத்தைக்குக் காதும் கேட்காது, கண்ணும் சுமார்.

காலையில் பீசாவிலேயே அவள் சரியாக இல்லை. சாய்ந்த கோபுரத்தைக் கையால் தாங்குகிற மாதிரி அவளை நிற்கவைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

“இன்னைக்கு என்ன தேதி?” என்று கேட்டாள்.

“இருபது. அசையாதே.”

அவள் கையை எடுத்துவிட்டாள். நல்லவேளை, கோபுரம் விழவில்லை.

மகளைத் தனியாக ஓரங்கட்டினான். “இலாரியா, அம்மாவுக்கு இந்த ஊர்ல யாரைத் தெரியும்?”

“சொல்லக்கூடாதுன்னு அம்மா சத்தியம் வாங்கிட்டாங்கப்பா.”

“எதைச் சொல்லக்கூடாதுன்னு?”

“அதைச் சொன்னா சொன்னதா ஆயிடும்ல?”

சத்தியம் வாங்குகிற அளவுக்கு விஷயம் போயிருக்கிறது! அவன் மார்கெரித்தாவிடமே போனான். “என்ன நடக்குது இங்க?”

“நீயே யோசிச்சுக் கண்டுபிடி, எர்மானோ.”

யோசித்தான். அவள் பிறந்தநாள் நவம்பரில். கல்யாண நாள் மே மாதம் போய்விட்டது, பூங்கொத்துகூட வாங்கிக் கொடுத்தான். அப்படியானால் மிச்சமிருப்பது ஒன்றே ஒன்றுதான்.

அதற்குள் படகோட்டி மறுபடி வந்தான், துளசிக் கொத்து ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு. அவள் அதை வாங்கி முகர்ந்து காதோரம் செருகிக்கொண்டாள். நோவாராவில் அவள் காதோரம் எதையாவது செருகிப் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகிறது.

எர்மானோ படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். அதட்டத்தான் வாயைத் திறந்தான், குரல்தான் வேறு மாதிரி வந்தது.

“நான் ஒண்ணும் திட்ட மாட்டேன், மார்கெரித்தா. பழசெல்லாம் போகட்டும், படகோட்டி, நெத்திலிக்காரன், பாதிரியார் யாரா இருந்தாலும் சரி. சாயங்கால ரயில்ல நீ எங்ககூடத்தானே வர்றே? அதை மட்டும் நேரா சொல்லிடு.”

அவள் அவனைப் பார்த்தாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் ஒரு நெத்திலியை எடுத்து அவன் வாயில் வைத்தாள்.

“இந்த ஊருக்கு நான் வர்றது இதுதான் முதல் தடவை. இன்னைக்குப் புனித மார்கெரித்தா திருநாள். இந்த ஊருக்கே அவங்கதான் காவல். என் பேரும் அவங்க பேருதான். ஒரு புனிதரோட திருநாள்ல அந்தப் பேரு உள்ளவங்களை எல்லாரும் வாழ்த்துவாங்க, அதுக்குத்தானே எங்கம்மா இருந்தவரைக்கும் வருஷா வருஷம் இந்த நாள்ல கேக் செஞ்சு கொண்டுவருவாங்க? நீ என் பேரைத் தெரு முழுக்க ஏலம் விட்டே, கேட்டவங்க எல்லாரும் வந்து வாழ்த்துனாங்க.”

எர்மானோவின் வாய் மெல்லுவதை நிறுத்தியது.

“காலையிலேர்ந்து எனக்கு வாழ்த்துச் சொல்லாத ஒரே ஆம்பளை நீதான்.”