திரும்பி வரும்போது மட்டும்

பதினெட்டாவது நிமிடத்தில் இயந்திரத்தின் குரல் தளர்ந்தது.

மெக்கானிக் டொமினிக் ஆக்சிலரேட்டர் கம்பியை விரலால் இழுத்துப் பார்த்தான். வேன் ஒருமுறை பொங்கி, இருமுறை குலுங்கி, அடங்கிவிட்டது.

“அப்பாடா. என் கண்ணு முன்னால நிக்க இதுக்கு நாலு வாரம் ஆச்சுண்ணே” என்றான்.

ஜெய்னுதீன் பட்டறைச் சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். பதினொரு மணிக்குப் பழைய வண்டி வாங்குகிறவர் செமினியிலிருந்து வருவார். அதற்குள் பழுது பிடிபடாவிட்டால், இருபத்தாறு வருடம் ஓடிய வேன் அவருடன் போய்விடும். நேற்று மாலை ஜெய்னுதீன் இதை அறிவித்தபோது மனைவி சுலைகா மறுத்துப் பேசவில்லை. இன்று காலை மட்டும், பட்டறைக்குத் தானும் வருவதாகச் சொல்லி, அவருக்கு முன்பே கைப்பையோடு ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

பழுதும் விசித்திரமானதுதான்.

கிள்ளானிலுள்ள அவர்களுடைய சாப்பாட்டுக் கடையிலிருந்து சனிக்கிழமைதோறும் டெங்கிலில் ஒரு தொழிற்சாலைக்கு இருவரும் நெய்ச்சோறு கொண்டுபோவார்கள். நிறைந்த அண்டாக்களோடு போகும்போது வண்டி முனகுவதுகூட இல்லை. வெறும் பாத்திரங்களோடு திரும்பும்போதுதான், செம்பனைத் தோட்டத்தைத் தாண்டுவதற்குள் திக்கித் திணறி நின்றுவிடும். அரைமணி நேரம் பொறுத்துச் சாவியைத் திருகினால், ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பும்.

டொமினிக் பிளக்குகளை மாற்றினான். பெட்ரோல் வடிகட்டியை மாற்றினான். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவிப் பூட்டினான்.

“சோத்த ஏத்துனா ஓடுது, எறக்குனா நிக்குது. வண்டிக்குப் பசி லா” என்று போன வாரம் கேலி செய்தான்.

ஜெய்னுதீன் சிரிக்கவில்லை. ஆனாலும் அந்த அரைமணி நேரங்களைக் குறை சொல்ல அவருக்கு மனம் வந்ததில்லை. முப்பது வருடங்களாகக் கல்லாவுக்குப் பின்னால் நின்றபடியே தேநீர் குடித்தவர், அந்தச் சாலையோரத்தில்தான் உட்கார்ந்து குடித்தார். சுலைகாவிடம் எப்போதும் ஃபிளாஸ்க் இருந்தது. இரண்டு குவளைகளும் இருந்தன. போன சனிக்கிழமை, பள்ளிக்கூட ஓட்டப் பந்தயத்தில் தான் வழிதவறிக் கோழிப் பண்ணைக்குள் ஓடிய கதையை அவர் சொல்ல, அவள் முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

அதற்காக, வழியில் நிற்கும் வண்டியை வைத்துக்கொண்டு கடை நடத்த முடியாது.

“பெட்ரோல் ஊத்துற எடத்தையும் ஒருக்கா பாருங்க தம்பி” என்றாள் சுலைகா.

டொமினிக் பக்கவாட்டில் போய்ச் சிறு கதவைத் திறந்தான்.

உள்ளே மூடி இல்லை. மூடி இருக்கவேண்டிய இடத்தில், தேநீர் கட்டித் தரும் பிளாஸ்டிக் பை இரண்டாக மடிக்கப்பட்டு, சிவப்புக் கயிற்றால் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. அவன் கட்டை அவிழ்த்ததும், வெகுநேரம் மூழ்கியிருந்தவன் தலைதூக்கியதுபோல் தொட்டி நீளமாக மூச்சை உள்ளிழுத்தது.

“இதாண்ணே. காத்து உள்ள போக வழியில்ல. பெட்ரோல் குறையக் குறைய டேங்க் இழுத்துப் பிடிக்குது, எஞ்சினுக்கு பெட்ரோல் வரல. நின்ன பெறவு கொஞ்சம் கொஞ்சமா காத்து கசிஞ்சதும் மறுபடி ஓடுது.”

சொல்லி முடித்தவன் கையிலிருந்த கயிற்றைத் திருப்பிப் பார்த்தான்.

கடையில் ஜெய்னுதீன் கட்டும் பொட்டலத்தில் ரப்பர் வளையம் இருக்கும். விரல் நுழைய ஒரு கண்ணி விட்டு, மோட்டார் சைக்கிளில் தொங்கவிட்டாலும் ஒரு சொட்டுச் சிந்தாதபடி கயிற்றால் கட்டுகிறவள் சுலைகா. அந்தக் கட்டைத்தான் டொமினிக் தினமும் பத்து மணிக்கு அவிழ்த்துத் தேநீர் குடிக்கிறான்.

அவன் பார்வை அவள் பக்கம் திரும்புவதற்குள் ஜெய்னுதீன் முந்திக்கொண்டார். பெட்ரோல் நிலையத்தில் மூடியை மறந்துவிட்டு வந்தவர் அவராகத்தான் இருக்கவேண்டும். சமீபகாலமாக மறதி அதிகம். அதைச் சொல்லிக்காட்ட மனமில்லாமல் அவளே எதையோ கட்டி வைத்திருக்கிறாள் என்று நினைத்தார்.

“நான்தான் கட்டினேன் தம்பி. மூடி தொலைஞ்சிருச்சு” என்றார்.

சுலைகா கணவர் பக்கம் திரும்பினாள். பிறகு கைப்பையைத் திறந்து, காகிதக் கைக்குட்டையில் சுற்றியிருந்த ஒன்றை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

பெட்ரோல் மூடி.

சனிக்கிழமைதோறும் தொழிற்சாலை வாசலில், கடைசி அண்டாவை அவர் உள்ளே தூக்கிப் போகும்போது, அவள் மட்டும் வண்டியருகே நின்றுவிடுவதும், கடைக்குத் திரும்பியதும் அவள் கடைசியாக வண்டியை விட்டு வருவதும் அவருக்கு நினைவு வந்தன.

கைபேசி அடித்தது. செமினிக்காரர்.

“வண்டி விக்கல லா பாஸ்” என்று சொல்லி வைத்துவிட்டார்.

மூடியைப் பொருத்தி, சொடக்குச் சத்தம் கேட்கும்வரை திருகினார். டொமினிக் குப்பையில் போடவிருந்த பிளாஸ்டிக் பையையும் சிவப்புக் கயிற்றையும் அவன் கையிலிருந்து வாங்கி, ஒழுங்காக மடித்து, அவளுடைய கைப்பைக்குள் வைத்து மூடினார்.