கதவின் வாலைப் பிடித்த புரதம்

ஒரு தாய் எலியின் மூளைக்குள்ளே ஒரு கதவு இருந்தது. சந்தோஷச் சேதி கொண்டுவரும் டோபமைன் வந்து தட்டினால் அது திறக்கும். எலிக்கு மனசு குளிரும். கதவுக்கு ஒரு வால் உண்டு, அது உள்பக்கம் தொங்கும். அதன் பக்கத்திலேயே ஒரு சின்னப் புரதம் குடியிருந்தது. கையில் சுண்ணாம்புச்சத்து மணி கிடைத்தால்தான் அதற்குத் தெம்பு வரும்.

அன்றைக்கு எலி வெல்ல மூட்டைக்குள் புகுந்துவிட்டது. டோபமைன் விடாமல் தட்டியது.

“காதே போச்சுடி! நான் உள்ளே போய்ப் படுக்கப்போறேன்” என்றது கதவு.

புரதத்துக்குப் பகீரென்றது. “போகாதேக்கா. நீ போயிட்டா எலிக்கு எதுவுமே சந்தோஷமா இருக்காது. பாவம், பிள்ளைக்காரி.”

“மூட்டையைத் தின்னும்போது தெரியலையாக்கும், பிள்ளைக்காரின்னு?” என்று கதவு உள்ளே நகர ஆரம்பித்தது.

தட்டிய தட்டலில் சுண்ணாம்பு மணிகள் உருண்டு வந்தன. புரதம் கை கொள்ளாமல் அள்ளிக்கொண்டது. தெம்பு வந்ததும் கதவின் வாலை இறுக்கிப் பிடித்தது.

“விடுடி!”

“மாட்டேன். திட்டுறதுன்னா திட்டிக்கோக்கா.”

திட்டித் திட்டிக் கதவே ஓய்ந்துபோனது. வெல்லமும் தீர்ந்தது. எலி வளைக்குத் திரும்பியது.

அப்புறம் ரொம்ப மெல்ல ஒரு தட்டல். கதவு வாசலிலேயே இருந்ததால் அது கேட்டது.

“யாருடி இது, இவ்வளவு பதவிசா? வெல்லமா?”

“இல்லக்கா. குட்டி பால் குடிக்க வந்திருக்கு.”

கதவு அகலத் திறந்தது.