ஜாமீன் இல்லாத குற்றம்

ரவிக்கைக்குள் கிடந்த தாலியை வெளியே இழுத்துக் காட்டினாள் உமாதேவி. "இதக் கட்டுன மனுசனை ஒருத்தி பறிச்சுக்கிட்டா வக்கீலம்மா. அவள உள்ள தள்ளணும். ஜாமீனே கிடைக்காத குத்தமாப் பாத்துப் போடுங்க."

உத்தமபாளையம் கோர்ட்டுக்கு எதிர் மாடியில் வக்கீல் ரெஹானாவின் அறை. அவள் கையிலிருந்த கேஸ் கட்டை ஓரமாக வைத்துவிட்டு, "அழாமச் சொல்லுங்கக்கா. யாரு அவ?" என்றாள்.

"ஜக்கம்மா. கம்பத்துக்காரி. நேத்து பஸ் ஸ்டாண்டு வாசல்ல ரெண்டு பேரையும் பாத்தேன். அத்தன சனத்துக்கு முன்னால அவ தலையில அவுகளே பூ வச்சு விடுறாக! என்கூட ஒரு நா தெருவுல நடந்து வந்ததில்ல அந்த மனுசன்."

அந்த மனுசன் சுரேஷ்கண்ணன். ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்காரன். சின்னமனூரில் உமாதேவியின் வீட்டுப் பக்கம் வந்தே ஒரு மாதமாகிவிட்டது.

"சும்மா தொடுப்பு வச்சுக்கிறது இப்பக் குத்தமே இல்லக்கா. சுப்ரீம் கோர்ட்டு அந்தச் சட்டத்த எடுத்துருச்சு."

"என் ஆட்ட ஒருத்தி பிடிச்சிட்டுப் போனா?"

"அது திருட்டு. விலை கூடுன ஆடுன்னா போலீஸே பிடிக்கலாம். ஜாமீனும் சுலபத்துல கிடைக்காது."

"ஆட்டத் திருடுனா ஜாமீன் இல்ல. ஆம்பளயத் திருடுனா கேஸே இல்லையா? நல்லாருக்கும்மா உங்க சட்டம்!"

ரெஹானா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "இருங்க. அவளுக்குத் தாலி கட்டிருக்காகளா?"

"கட்டிருக்காக. மண்டபம் பிடிச்சு, ஊரே வந்து சாப்பிட்டுச்சாம். ரெண்டு பிள்ளைக வேற."

ரெஹானா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அப்பக் கேஸ் நிக்கும்க்கா! ஒரு பொண்டாட்டி உசுரோட இருக்கையில இன்னொருத்தியக் கட்டுனா ஏழு வருசம் வரைக்கும் தண்டனை உண்டு. ஆனா ஜாமீன்ல விடுற குத்தம்தான். போலீஸ் நேராப் பிடிக்க முடியாது. கோர்ட்டுலதான் புகார் குடுக்கணும்."

"ஏழு வருசம்ங்கிறீக, ஜாமீனும்ங்கிறீக?"

"சட்டத்துல அப்படித்தான் பிரிச்சு வச்சிருக்காக. உள்ள போறதும் கட்டுன ஆம்பளதான். அவள ஒண்ணும் செய்ய முடியாது."

உமாதேவியின் முகம் சுருங்கியது. சற்று நேரம் முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தவள், "பரவால்ல," என்றாள். "அவுகளக் கூண்டுல ஏத்துனா அவ கோர்ட்டு வாசல்ல நின்னு அழுவால்ல? ஜீப்புல முன்சீட்டுல உக்காந்துக்கிட்டு என்னமாச் சிரிக்கிறா! அந்தச் சிரிப்பு போகணும். எழுதுங்க."

ரெஹானா வெள்ளைத்தாளை எடுத்தாள். "இந்தப் புகார மொதப் பொண்டாட்டிதான் குடுக்கணும். மத்த விவரமெல்லாம் பிறகு பாத்துக்கிருவோம். மொதப் பொண்டாட்டி, உமாதேவி, சின்னமனூர்..."

எழுதத் தொடங்கிய பேனாவை உமாதேவியின் கை சட்டென்று பிடித்து நிறுத்தியது.

"என்னக்கா?"

உமாதேவி தலையைக் குனிந்துகொண்டாள்.

"மொதப் பொண்டாட்டி அவதாம்மா."