எண்ணெய்த் தலை

"தீபாவளிக்கு இன்னும் நாலு நாள்தான் கிடக்கு. வீட்டுல ஒரு முறுக்கு சுடல, ஒரு துணி துவைக்கல. மகாராணி தலை நெறைய எண்ணெய ஊத்திக்கிட்டு மரம் வெட்டக் கெளம்பிட்டா."

அங்கமுத்துவின் குரல் தோட்டத்து கேட் முழுக்கக் கேட்டது. விடிந்தும் விடியாத நேரம். முள்கம்பி வேலிக்குள், ரப்பர் பால் எடுக்க மரம் வெட்டப் போகிறவர்கள், ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசையாக நின்றார்கள். மலாயாவில் வெள்ளைக்காரன் அவசரகாலம் போட்டதிலிருந்து இந்தக் கூத்துதான். காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு யாரும் சாப்பாடு கொடுத்துவிடக் கூடாது என்று, கேட்டைத் தாண்டும் ஒவ்வொருவரையும் தடவிப் பார்த்துத்தான் விடுவார்கள். ஒரு பிடி அரிசி அகப்பட்டால் போதும், லாரியில் ஏற்றிவிடுவார்கள். திரும்பி வந்தவர்களை யாரும் பார்த்ததில்லை.

பெண்களைச் சோதிப்பவள் மங்களம். பக்கத்து ஊரான பாச்சாங்கிலிருந்து போலீஸ் வேனில் வந்து போகிறவள். நாற்பத்தைந்து வயது. முந்தின நாள் மாமியார் வீட்டுக் கூட்டத்துக்கெல்லாம் முறுக்கு சுட்டு அவளுக்கு இடுப்பே விட்டுப்போயிருந்தது. அவள் புருஷன் சாய்வு நாற்காலியில் படுத்தபடி, உப்பு தூக்கல் என்று மட்டும் சொன்னான். அந்த எரிச்சல் ஆறுவதற்குள் இங்கே இன்னொரு புருஷன்.

ஒரு வாரமாக இதே பாட்டுதான். அவன் மனைவி வேலாயி பாவம், பதிலுக்கு வாயே திறக்கமாட்டாள். போன மாதம் வெட்டுக்காட்டில் மயங்கி விழுந்தவள். உடம்பில் சத்தே இல்லை, சூடும் ஏறிக் கிடக்கிறது என்றாராம் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசர். நேரத்துக்குச் சாப்பிடு, மத்தியானம் கொஞ்சம் படு, தலைக்கு எண்ணெய் வை, இந்த வயதில் உடம்பைப் பார்க்காவிட்டால் அடுத்த தடவை எழுந்திருக்கமாட்டாய் என்று சொல்லி அனுப்பியிருந்தார். வரிசையில் நிற்கும்போது வேலாயியே ஒருநாள் மங்களத்திடம் சொன்னாள். அன்றிலிருந்து மங்களத்துக்கு அவள்மேல் தனிப் பரிவு.

இன்றும் வேலாயியின் நெற்றியில் எண்ணெய் வழிந்தது. பெரிய கொண்டையைச் சுற்றிக் கட்டியிருந்த பழைய துணி சொட்டச் சொட்ட ஊறியிருந்தது. பூண்டும் மிளகும் போட்டுக் காய்ச்சிய வாடை மூக்கைத் துளைத்தது.

அங்கமுத்து விடவில்லை. மகன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான், தீபாவளிக்கு வரவில்லை, அதனால் இவளுக்கு வீட்டு வேலையே மறந்துபோய்விட்டது என்றான். எண்ணெய்த் தலையோடு எதிரே வந்தால் எவனுக்கு விளங்கும் என்றான். ஆண்கள் வரிசையில் நாலு பேர் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்புதான் மங்களத்துக்குப் பொறுக்கவில்லை.

"போதும்லா அண்ணே. பண்டிகை வந்தா நாங்க அடுப்புலயே வெந்து சாகணும், நீங்க உக்காந்து திங்கணும், இல்ல? அவங்க தல, அவங்க எண்ணெ. உங்களுக்கு எங்க வலிக்குது?"

"எனக்கென்ன வலி? நீங்களே அந்தக் கொண்டைய அவுத்துப் பாருங்க. தீபாவளிக்கு வாங்கி வெச்ச எண்ணெ பூராவும் அதுக்குள்ளதான் இருக்கு."

மங்களத்தின் முகம் சிவந்தது. வேலாயி தலை நிமிரவே இல்லை. அதைப் பார்த்ததும் மங்களத்துக்குக் கண்ணே கலங்கிவிட்டது. இத்தனை ஆண்கள் பார்க்க, பொண்டாட்டியின் கொண்டையை அவிழ்க்கச் சொல்கிறான், இவனெல்லாம் ஒரு மனுஷன்.

"எதப் பாக்கணும்னு எனக்குத் தெரியும். நீங்க சொல்லி நான் ஒரு பொம்பள கொண்டைல கை வெக்கமாட்டேன்" என்றாள்.

வேலாயியின் மடியையும் இடுப்பையும் சும்மா ஒரு தடவு தடவிவிட்டு, தோளைப் பிடித்து கேட்டுக்கு வெளியே அனுப்பினாள்.

"நீங்க போங்கக்கா. நாளைக்கும் எண்ணெ வெச்சுக்கிட்டே வாங்க. எவன் என்ன சொல்றான்னு நான் பாக்குறேன்."

அதோடும் அவள் ஆத்திரம் அடங்கவில்லை. துப்பாக்கியோடு நின்ற மலாய்க்காரப் போலீஸ் மாத்தாவிடம் போய், இந்த ஆளை நன்றாகச் சோதிக்கச் சொன்னாள். அவன் அங்கமுத்துவின் சட்டையைக் கழற்றச் சொன்னான், வெற்றிலைப் பையைக் கொட்டினான், பால் வாளியைக் கவிழ்த்தான், சைக்கிள் டியூபின் காற்றைக்கூட இறக்கிவிட்டான். ஒன்றும் அகப்படவில்லை. எல்லோரும் போன பிறகு கடைசியாகத்தான் அவனை விட்டார்கள். அவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்தபோதுதான் மங்களத்துக்கு மனம் கொஞ்சம் ஆறியது.

வெட்டுக்காட்டின் கோடியில், வேலிக்கு வெகு தூரத்தில், வேலாயி மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். அங்கமுத்து முன்னும் பின்னும் பார்த்துவிட்டு அவள் பக்கத்தில் குந்தினான்.

"தல ரொம்பப் பாரமா இருக்கா?" என்றான். கேட்டில் கேட்ட குரல் இல்லை அது.

வேலாயி எண்ணெய்த் துணியை அவிழ்த்தாள். கொண்டைக்குள் முடியைவிட அரிசிதான் அதிகமாக இருந்தது, ரப்பர் ஷீட்டுத் துண்டில் இறுக்கிச் சுற்றிய அரிசி. அங்கமுத்து அதை மரப்பொந்தில் வைத்துச் சருகால் மூடினான். சிங்கப்பூருக்குப் போனதாகச் சொல்லி வைத்த மகன் இருட்டியதும் காட்டிலிருந்து வந்து எடுத்துக்கொள்வான்.

"பூராவும் நீ திங்க வேண்டிய அரிசி. இப்படியே போனா மறுபடியும் விழுந்துருவே" என்றான் அங்கமுத்து. இந்த முறை அவனுக்கு நிஜமாகவே கோபம் வந்தது.

"அத விடுங்க. நாளைக்கு அவனுக்கு ரெண்டு அதிரசமும் வெக்கணும், கொண்ட பெருசாத் தெரியும்" என்றாள் வேலாயி. "இன்னும் கொஞ்சம் கூடவே திட்டுங்க."