பலாமரத்துப் பொட்டலம்

"ஏம்மா, உனக்கு மனசாட்சி இருக்கா? வலை போட்டுத் தேடினாலும் கிடைக்காத தாவரத்தைச் சுரண்டி, பொட்டலம் கட்டி விக்கிறியே!"

தாவரவியல் பேராசிரியர் சிங்காரத்துக்குக் கோபம் போளூரிலேயே, சர்க்கரை போடாத டீயைக் குடிக்கும்போதே ஆரம்பித்துவிட்டது. ஜவ்வாது மலையின் வளைவுகளில் ஜீப் ஏற ஏற அதுவும் ஏறி, பச்சையம்மா வீட்டு வாசலில் வந்து வெடித்தது.

பச்சையம்மா அசரவில்லை. முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு கூடை நிறையப் பொட்டலங்கள். எதிரே ஆலங்காயத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் பயபக்தியோடு நின்றது.

"இத்த வாயில போடக் கூடாது. மடியில கட்டிக்கினு காலையில ஒரு மணி நேரம் நடக்கணும். நாப்பத்தெட்டு நாளிக்கு அரிசிச் சோறு கெடயாது, சாமைதான். டாக்டர் குடுத்த மாத்திரைய நிறுத்துனீங்கன்னா பாசி வேலை செய்யாது. சாமை வேணும்னா இங்கயே கீது."

"கேட்டியா காஷிஃபா? மருந்து, பத்தியம், மளிகை எல்லாம் ஒரே கடையில!" என்றார் பேராசிரியர்.

அவருடைய ஆராய்ச்சி மாணவி காஷிஃபா அதற்குள் வாசல் மரத்தடிக்குப் போய்விட்டாள். வாணியம்பாடிப் பெண். பச்சையம்மா வீட்டு முன்னால் நின்ற பலா மரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒட்டிக்கொண்டிருந்த அந்தத் தாவரம்தான் இரண்டு வருஷமாக அவளுக்கு உலகம். பார்க்கப் பாசி மாதிரி இருக்கும். பாசி இல்லை, தனி இனம். பூக்காது, காய்க்காது. வெயிலில் கறுத்துச் சுருண்டு செத்த மாதிரி கிடக்கும். ஒரு தூறல் விழுந்தால் பச்சையாக எழுந்து உட்காரும். மலை முழுக்கத் தேடியும் வேறு மரத்தில் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அது போனால் அவளுடைய டாக்டர் பட்டமும் போச்சு.

போய்த்தான் இருந்தது. ஆள் உயரத்துக்குப் பட்டை உரிக்கப்பட்டு, பால் வடிந்து காய்ந்து, மரம் அம்மணமாக நின்றது. காஷிஃபா அதைத் தடவிப் பார்த்தாள். அழுகை வந்துவிட்டது.

"ஏன்க்கா இப்படிப் பண்ணீங்க? உங்க வூட்டுல எத்தினி நாள் சாப்பிட்டிருப்பேன்!"

பச்சையம்மா முறத்தைக் கீழே வைத்தாள். "பேப்பர்ல எங்க ஊர் பேரையும் மரத்து போட்டோவையும் போட்டது யாரு பாப்பா? வேன் வச்சிக்கினு வந்து இல்ல உரிச்சாங்க!"

போட்டது பேராசிரியர்தான். 'அபூர்வத் தாவரம்' என்ற தலைப்புக்குக் கீழே, மரத்தைக் கட்டிப்பிடித்தபடி அரைப் பக்கத்துக்குச் சிரித்திருந்தார். நம் ஊரில் ஒரு செடி அபூர்வம் என்று அச்சில் வந்துவிட்டால், அது சர்க்கரை நோய்க்கு மருந்தாகாமல் இருக்குமா? வாட்ஸ்அப் மூன்றே நாளில் அந்த வேலையை முடித்துவிட்டது.

"அது விழிப்புணர்வு! இது மூடநம்பிக்கை! மிச்சம் மீதி இருந்ததைச் சுரண்டிப் பொட்டலம் போட்டது நீதானே? படிச்சவன் எவனாவது இதை வாங்குவானா?" பேராசிரியர் குதித்தார். "காஷிஃபா, ஜீப்ல கேமரா இருக்கு, எடுத்துட்டு வா. ஆதாரத்தோட ஃபாரஸ்ட்ல புகார் கொடுத்து உள்ள தள்ளணும்."

ஜீப் தெருக்கோடியில் நின்றது. காஷிஃபா போய்க் கேமராவோடு திரும்பி வருவதற்குள் ஆலங்காயத்துக் குடும்பம் கிளம்பியிருந்தது. பேராசிரியரின் குரலும் இறங்கியிருந்தது.

"கேமரா வேணாம்மா. புகாரும் வேணாம். பாவம், ஏழை ஜனங்க. மனிதாபிமானம்னு ஒண்ணு இருக்குல்ல?"

சட்டைப் பையை ஒரு கையால் பொத்திக்கொண்டு திண்ணையிலிருந்து எழுந்தார். "அப்ப வர்றேங்கம்மா. உடம்பைப் பாத்துக்குங்க."

காஷிஃபாவுக்கு அந்தத் துக்கத்திலும் அவர் மேல் மரியாதை கூடியது. எவ்வளவு பெரிய மனசு!

அவர் தலை மறைந்ததும், பச்சையம்மா அவள் கையைப் பிடித்து வீட்டுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள். பெண்கள் குளிப்பதற்காகக் கட்டிய ஓலைத் தடுப்பு. எந்தப் பேராசிரியரும் எட்டிப் பார்க்க முடியாத இடம். உள்ளே ஒரு பலா மரம். அதன்மேல் தொங்கிய பழைய புடவையை விலக்கினாள்.

முழங்கை நீளத்துக்கு, பச்சைப் பசேலென்று, அதே தாவரம்!

காஷிஃபா முகத்தை அதன் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். "அக்கா... அப்ப பொட்டலத்துல இன்னா கீது?"

"கெணத்துச் செவுத்துப் பாசி. வெறுங்கையோட அனுப்புனா மரம் மரமா தேடிக்கினு இங்கயும் வந்துடுவாங்க. பொட்டலம் குடுத்தா வாங்கிக்கினு போய்ட்றாங்க. நடந்து, சாமை துன்னா சுகரும் கொறையுது. நீ ரெண்டு வருசமா மழையில மண்டி போட்டுக்கினு பாத்தத நான் வுட்டுக் குடுத்துடுவனா?"

காஷிஃபா அவளை அப்படியே கட்டிக்கொண்டாள். பிறகு கண்ணைத் துடைத்தபடி கேட்டாள்:

"சார்கிட்டயும் சொல்லியிருக்கலாமேக்கா! மனுஷர் எவ்வளவு நொந்துபோயிட்டாரு!"

"சொல்லத்தான் வாயத் தொறந்தேன் பாப்பா. அதுக்குள்ள, 'எனக்கு சுகர் முன்னூறு இருக்கு, கொஞ்சம் பெரிய பொட்டலமா குடுங்கம்மா'ன்னு கேட்டுட்டாரே!"