புது கார்டின் சூடு

ஆம்பூரில் மழை விடவில்லை.

"புது கிராஃபிக்ஸ் கார்டுப்பா. கல்யாண வீடியோவை எடிட் பண்ண உக்காந்தா ஸ்கிரீன் பிளாங்க் ஆயிடுது," என்றான் தேவானந்தம்.

சர்வீஸ் செய்ய வந்த ரிச்சர்ட் கம்ப்யூட்டரைத் தொட்டுப் பார்த்தான். "அடுப்பு மாதிரி கொதிக்குது. ஓவர்கிளாக் பண்ணி வேகத்த ஜாஸ்தியா ஏத்தி வச்சிருக்கீங்க."

"நான் தொடவே இல்ல."

"இன்னா சார், தானா ஏறுமா?" ரிச்சர்ட் வேகத்தைக் குறைக்கப் போனான்.

"கொறைக்காத தம்பி," என்று வாசலில் ஒரு பெண் குரல் கேட்டது.

வீட்டிலிருந்தே கம்பெனிக்கு ஷூ தைத்துக் கொடுக்கும் ஜெனிஃபா உள்ளே வந்தாள். கணவனைப் பார்க்காமல், கம்ப்யூட்டருக்குப் பின்னால் கைவிட்டு, வரிசையாகச் சாய்த்து வைத்திருந்த தோல் துண்டுகளில் ஒன்றைத் தொட்டுப் பார்த்தாள்.

"பசை இன்னும் காயல. சாயந்தரம் கம்பெனி வண்டி வந்துடும். மழை விட்டதும் நானே கொறச்சிடுறேன்."