சுடலைமுத்து அமுக்கிய வாத்தியங்கள்

இப்போதெல்லாம் ராக் கச்சேரிக்கு யாரும் வெறுங்காதோடு வருவதில்லை. காதில் மாட்டிய குமிழைத் தட்டினால் பிடிக்காத வாத்தியத்தின் சத்தத்தை மட்டும் அமுக்கிவிடலாம். ஊரே அமுக்கியது கீபோர்டு வாசித்த பேச்சியைத்தான்.

அவள் அப்பா, லாரி ஓட்டும் சுடலைமுத்து, மற்ற எல்லோரையும் அமுக்கிவிட்டு மகள் வாசிப்பதை மட்டும் கேட்டார். அவருக்குப் பிடித்தால் குழுவில் இருக்கலாம், இல்லாவிட்டால் பேங்க் வேலைக்குப் போய்விட வேண்டும் என்பது வீட்டில் பேசிய பேச்சு.

இடைவேளையில் மேடையோரம் வந்து நின்றார். "ஏட்டி, ஹாரன்ல கைய வச்சிக்கிட்டே தூங்குன மாதிரி ஒரே சத்தம். இதுக்கா உன்னக் காலேஜுக்கு அனுப்புனேன்?"

பேச்சிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கூறில்லாம தனியாக் கேட்டா அப்படித்தான் இருக்கும். அடுத்த பாட்டுல என்னைய மட்டும் அமுக்கிட்டுக் கேளுங்க."

முணுமுணுத்தபடியே போய் உட்கார்ந்து கேட்டார். பாதிப் பாட்டில் பதறி எழுந்து மேடையைப் பார்த்துக் கத்தினார். "ஏட்டி, எங்க போன? சரக்கெல்லாம் ரோட்டுல உருளுது, வண்டியக் காணோம்!"

கச்சேரி முடிந்ததும் பேச்சியிடம் வந்தார். "பேங்க் வேலை கெடக்கட்டும். ஆனா, அந்தப் பாடுத பயல அமுக்கிட்டுத்தான் கேப்பேன்."

"தாராளமா அமுக்குங்கப்பா," என்றாள் பேச்சி. "நாங்களே அப்படித்தான் வாசிக்கோம்."